கடைக்குப் பின்னால் ஒரு பள்ளிக்கூடம்

விடியற்காலை நேரம். இருட்டு இன்னும் விலகவில்லை. ஒரு பேருந்து தீவிலிருந்து நகரத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறது. உள்ளே இருப்பவர்கள் எல்லோரும் உழைப்பாளிகள். சிலர் நகரத்து வீடுகளில் சமையல் வேலை செய்பவர்கள். சிலர் சுருட்டு ஆலைக்குப் போகிறவர்கள்.

அவர்கள் கையில் ஒரு தாள் இருக்கிறது. தட்டச்சு செய்த தாள். வண்டி ஓட்டுகிறவர் அதில் உள்ளதைச் சொல்லிச் சொல்லி விளக்குகிறார். மற்றவர்கள் திருப்பிச் சொல்கிறார்கள். அது பாட்டு இல்லை. ஜெபமும் இல்லை. அரசியல் சட்டத்தின் ஒரு பகுதி!

கூலி வேலைக்குப் போகிறவர்களுக்குப் பேருந்தில் அரசியல் சட்டம் எதற்கு? ஓட்டுப் போடுவதற்குத்தான்.

இது 1950களில் அமெரிக்காவில் நடந்தது. அந்தத் தீவின் பெயர் ஜான்ஸ் தீவு. தென் கரோலினா மாநிலத்தில் சார்ல்ஸ்டன் என்ற துறைமுக நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. பேருந்தை ஓட்டியவர் பெயர் ஏசா ஜென்கின்ஸ். வண்டியும் அவருடையதுதான். அவரும் அவருடைய பயணிகளும் கறுப்பின மக்கள்.

பூட்டும் சாவியும் ஒரே கையில்

இந்த மக்களின் முன்னோர்கள் ஆப்பிரிக்காவில் வாழ்ந்தவர்கள். வெள்ளைக்கார வியாபாரிகள் அவர்களைக் கப்பலில் அடைத்துக் கொண்டுவந்தார்கள். சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் இறக்கினார்கள். ஆடு மாடுகளைப் போல் விலை பேசி விற்றார்கள். வாங்கியவர்கள் நெல் வயலிலும் பருத்திக் காட்டிலும் அடிமைகளாக வேலை வாங்கினார்கள்.

அடிமைக்கு எழுதக் கற்றுக் கொடுப்பது குற்றம் என்று தென் கரோலினாவில் 1740ஆம் ஆண்டிலேயே சட்டம் போட்டார்கள். கற்றுக் கொடுத்தவருக்குப் பெரிய அபராதம். 1834இல் இன்னொரு சட்டம் வந்தது. படிக்கக் கற்றுக் கொடுப்பதும் குற்றம் என்றது. ஏன் இத்தனை பயம்? எழுத்துத் தெரிந்தவன் கடிதம் எழுதுவான். செய்தி படிப்பான். ஊரை விட்டுப் போக அனுமதிச் சீட்டைத் தானே எழுதிக்கொள்வான். அடிமை முதலாளிகளுக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது.

1865இல் அடிமை முறை ஒழிந்தது. 1870இல் கறுப்பின ஆண்களுக்கும் ஓட்டுரிமை உண்டு என்று நாட்டின் அரசியல் சட்டத்தில் எழுதினார்கள். பெண்களுக்கு 1920இல்தான் கிடைத்தது. நிறத்தைக் காட்டி ஓட்டை மறுக்கக் கூடாது என்பது சட்டம்.

ஆனால் தென் மாநிலங்களில் ஆட்சி மறுபடியும் வெள்ளையர் கைக்கு வந்தது. நிறத்தைச் சொல்லாமலே ஓட்டைப் பறிக்க அவர்கள் வழி தேடினார்கள். 1895இல் தென் கரோலினா தனக்கென்று ஒரு புது அரசியல் சட்டம் எழுதியது. அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனியாக அரசியல் சட்டம் உண்டு. வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க ஒரு பரீட்சை வைத்தார்கள். அந்த அரசியல் சட்டத்திலிருந்து அதிகாரி ஒரு பகுதியைக் காட்டுவார். அதைப் படித்துக் காட்ட வேண்டும். எழுதியும் காட்ட வேண்டும். இல்லையென்றால் குறைந்தது 300 டாலர் பெறுமான சொத்து இருக்க வேண்டும்.

பரீட்சை எல்லோருக்கும் பொதுவாகத்தானே இருக்கிறது என்று தோன்றும். அங்கேதான் சூழ்ச்சி. பரீட்சை வைப்பவர் வெள்ளைக்கார அதிகாரி. தேறினாரா இல்லையா என்று சொல்பவரும் அவரே. வெள்ளையர் தடுமாறினால் கண்டுகொள்ள மாட்டார். கறுப்பர் ஓர் எழுத்தில் தடுமாறினால் போதும், வெளியே அனுப்பிவிடுவார். கறுப்பர்களின் ஓட்டைப் பறிக்கத்தான் இந்த ஏற்பாடு என்பதை அதைச் செய்தவர்கள் மறைக்கவும் இல்லை.

எழுத்துத் தெரியாமல் வைத்தவர்களும் அவர்கள்தான். எழுத்துத் தெரியவில்லை என்று ஓட்டை மறுத்தவர்களும் அவர்கள்தான்.

நம் நாட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 1951இல் இந்தியாவில் 100 பேரில் 18 பேருக்குத்தான் எழுதப் படிக்கத் தெரியும். ஆனாலும் வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு உண்டு என்று நம் அரசியல் சட்டம் சொல்லிவிட்டது. படிக்கத் தெரியாதவர்களுக்காகச் சின்னங்கள் வந்தன. 1951-52 தேர்தலில் நுகம் பூட்டிய இரட்டைக் காளையைப் பார்த்து ஓட்டுப் போட்டவர்கள் பலர். கைநாட்டு வைக்கிறவர் என்று யாரையும் திருப்பி அனுப்பவில்லை. அதே காலத்தில் பணக்கார நாடான அமெரிக்காவில் பரீட்சை வைத்துத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

ஆலிஸ் வைன் கேட்டது

ஜென்கின்ஸின் பேருந்தில் ஆலிஸ் வைன் என்ற பெண் போய் வருவார். ஒருநாள் அவர் ஜென்கின்ஸிடம் சொன்னார். எனக்கு ஓட்டுப் போட ஆசை, ஆனால் சரியாகப் படிக்க வராது, நீங்கள் கற்றுக் கொடுத்தால் கற்றுக்கொள்வேன் என்றார்.

அதிலிருந்துதான் பேருந்துப் பாடம் தொடங்கியது. ஆலிஸ் வைன் அந்தப் பகுதியை மனப்பாடம் செய்துவிட்டார். அதிகாரி முன்னால் போய் நின்று ஒப்பித்தார். பெயரும் பட்டியலில் சேர்ந்தது. ஆனால் அவருக்குத் திருப்தி இல்லை. மனப்பாடம் வேறு, படிப்பு வேறு என்று அவருக்குத் தெரியும். உண்மையாகவே படிக்க வேண்டும் என்றார்.

ஜென்கின்ஸ் யோசித்தார். வண்டி ஓட்டிக்கொண்டே எத்தனை பேருக்குக் கற்றுக் கொடுக்க முடியும்? பெரியவர்களுக்கு ஓர் இரவுப் பள்ளி வேண்டும். தீவில் இருந்த தலைமை ஆசிரியரைக் கேட்டார். போதகரைக் கேட்டார். யாரும் இடம் தரவில்லை. அவர்கள் கெட்டவர்கள் இல்லை. பயம். வெள்ளைக்கார அதிகாரிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும்.

அந்தப் பயம் வெறும் பயம் இல்லை. செப்டிமா கிளார்க் என்ற ஆசிரியைக்கு அப்படித்தான் நடந்தது.

நாற்பது வருட ஆசிரியை

செப்டிமா கிளார்க் சார்ல்ஸ்டனில் பிறந்தவர். 1916இல், 18 வயதில், ஆசிரியையாக ஜான்ஸ் தீவுக்கு வந்தார். சார்ல்ஸ்டன் நகரப் பொதுப் பள்ளிகளில் அப்போது கறுப்பின ஆசிரியர்களுக்கு வேலை கிடையாது. கறுப்புக் குழந்தைகள் படித்த பள்ளியில்கூடக் கிடையாது. அதனால்தான் தீவுக்கு வந்தார்.

தீவில் அவருடைய பள்ளியில் 132 குழந்தைகள். ஆசிரியைகள் இரண்டே பேர். எதிரே வெள்ளைக் குழந்தைகளுக்கு ஒரு பள்ளி இருந்தது. அங்கே படித்தவர்கள் 3 குழந்தைகள். கிளார்க்கின் சம்பளம் 35 டாலர். 3 குழந்தைகளுக்குப் பாடம் சொன்ன ஆசிரியைக்கு 85 டாலர். நிறவெறி என்றால் அடிப்பதும் கொல்லுவதும் மட்டும் இல்லை. சம்பளப் பட்டியலிலும் அது இருக்கும்.

கிளார்க் கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய ஒரு சங்கத்தில் உறுப்பினர். 1956இல் தென் கரோலினா அரசு ஒரு சட்டம் போட்டது. அரசு ஊழியர் யாரும் அந்தச் சங்கத்தில் இருக்கக் கூடாது என்றது. கிளார்க் விலக மறுத்தார். ஏறத்தாழ நாற்பது வருடம் பாடம் சொன்னவரை வேலையை விட்டு நீக்கினார்கள். ஓய்வூதியமும் போயிற்று.

டென்னசி மாநில மலைப்பகுதியில் ஹைலேண்டர் என்று ஒரு பள்ளி இருந்தது. மைல்ஸ் ஹார்ட்டன் என்ற வெள்ளைக்காரர் நடத்தியது. கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேசையில் சாப்பிட்டு, ஒரே கூடத்தில் உட்கார்ந்து பேசிய இடம் அது. தென் மாநிலங்களில் இது அபூர்வம். வேலை இழந்த கிளார்க்குக்கு ஹைலேண்டர் வேலை கொடுத்தது. அதற்கு முன்பே, 1954இல், அவர் ஜென்கின்ஸை அங்கே அழைத்துப் போயிருந்தார். எங்கள் தீவுக்குப் பெரியவர்கள் பள்ளி வேண்டும் என்று ஜென்கின்ஸ் அங்கே சொன்னார்.

1955 கோடையில் ரோசா பார்க்ஸ் என்ற தையல்காரப் பெண்மணியும் ஹைலேண்டருக்கு வந்து கிளார்க்கின் வகுப்பில் இருந்தார். அதே ஆண்டு டிசம்பரில் அலபாமா மாநிலத்து மாண்ட்கோமரி நகரத்தில் ஒரு வெள்ளைக்காரருக்காகப் பேருந்து இருக்கையை விட்டு எழ மறுத்துக் கைதானவர் அவர்தான். அந்த ஊர்க் கறுப்பின மக்கள் 381 நாள் பேருந்தில் ஏறவில்லை. நடந்தே வேலைக்குப் போனார்கள். கார் வைத்திருந்தவர்கள் மற்றவர்களையும் ஏற்றிக்கொண்டார்கள். கடைசியில் நீதிமன்றத் தீர்ப்பும் வந்தது, இருக்கையும் கிடைத்தது.

ஊருக்கு ஊர் எதிர்ப்புக்கு ஒரு வழி. மாண்ட்கோமரி மக்கள் நடந்தார்கள். ஜான்ஸ் தீவு மக்கள் படித்தார்கள்.

முன்னால் மளிகை, பின்னால் வகுப்பு

ஜென்கின்ஸும் ஊர்க்காரர்களும் ஏற்கெனவே ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். தீவில் ஒரு பழைய பள்ளிக்கூடக் கட்டடம் விலைக்கு வந்தது. ஹைலேண்டரில் 1500 டாலர் கடன் வாங்கி அதைச் சங்கத்தின் பெயரில் வாங்கினார்கள்.

முன்பக்கம் ஒரு கூட்டுறவுக் கடை வைத்தார்கள். பின்பக்கம் வகுப்பறை. கடை வைத்ததற்கு இரண்டு காரணம். ஒன்று, கடை வருமானத்தில் கடனை அடைக்கலாம். இன்னொன்று, வெள்ளையர் கண்ணில் அது கடையாகவே தெரியும். பின் அறைக்கு ஜன்னல் வைக்கவில்லை. வெளியே இருந்து யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது அல்லவா? கள்ளச் சாராயம் விற்பவர் போல, இவர்கள் ஒளிந்து ஒளிந்து எழுத்துப் படிக்க வேண்டியிருந்தது.

கற்றுக் கொடுக்க யார்? கிளார்க் தன் உறவுக்காரப் பெண் பெர்னிஸ் ராபின்சனைக் கேட்டார். ராபின்சன் ஆசிரியை இல்லை. சார்ல்ஸ்டனில் பெண்களுக்குத் தலை அலங்காரம் செய்யும் கடை வைத்திருந்தார். தையலும் தெரியும். எனக்குப் பாடம் சொல்லத் தெரியாதே என்று தயங்கினார். அவரைத் தேர்ந்தெடுத்ததற்கு நல்ல காரணம் இருந்தது. அவர் கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் கறுப்பினப் பெண்கள். அவரை வேலையை விட்டு நீக்க எந்த வெள்ளைக்கார முதலாளியாலும் முடியாது. படித்தவர்களைப் பார்த்து அவர் முகம் சுளிக்கவும் மாட்டார், படிக்காதவர்களைப் பார்த்துச் சிரிக்கவும் மாட்டார்.

1957 ஜனவரி 7ஆம் தேதி இரவு முதல் வகுப்பு. 14 பேர் வந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். ராபின்சன் சிறு குழந்தைகளுக்கான பாடப் பொருள்களைக் கையோடு கொண்டுவந்திருந்தார். வந்தவர்களைப் பார்த்ததும் அது சரிப்படாது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. பேரன் பேத்தி எடுத்தவர்களிடம் குழந்தைப் பாடத்தை நீட்டலாமா? அதை ஓரமாக வைத்துவிட்டார்.

நான் ஆசிரியை இல்லை, நாம் சேர்ந்து கற்றுக்கொள்வோம் என்று சொன்னார். பிறகு ஒரு கேள்வி கேட்டார். நீங்கள் என்ன கற்க விரும்புகிறீர்கள்?

கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். வெளியூரில் இருக்கும் மகனுக்குக் கடிதம் எழுத வேண்டும். பைபிள் படிக்க வேண்டும். தபாலில் சாமான் வரவழைக்கும் விலைப் புத்தகத்தைப் பார்த்துத் தாங்களே படிவம் நிரப்ப வேண்டும். மணியார்டர் எழுத வேண்டும். வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க வேண்டும்.

அதுவே பாடத்திட்டம் ஆயிற்று.

முதல் வேலை பென்சில் பிடிப்பது. ஏர் பிடித்த கை. அதே பலத்தோடு பென்சிலைப் பிடித்தால் என்ன ஆகும்? பட்பட்டென்று ஒடிந்தது. ஒடிந்தால் இன்னொன்று கொடுத்தார்கள். அட்டையில் ஒவ்வொருவர் பெயரையும் பெரிதாக எழுதி, அதன்மேல் திரும்பத் திரும்ப எழுத வைத்தார்கள். கை தானாகவே பெயரை எழுதும் வரை விடவில்லை. புதிதாகப் படித்தவர்களுக்கு இந்த வேதனையும் தெரியும், அதன் சுகமும் தெரியும்.

கணக்கு எப்படிச் சொல்லிக் கொடுத்தார்கள் தெரியுமா? கடை விளம்பரத்தைப் பார்த்து விலையைக் கூட்டினார்கள். வேலி போட எத்தனை அடி கம்பி வேண்டும், வண்டிக்கு எத்தனை காலன் பெட்ரோல் ஆகும் என்று கணக்குப் போட்டார்கள். அரசியல் சட்டத்தின் கடினமான சொற்களைப் பலகையில் எழுதி, பிரித்துப் பிரித்துப் படித்தார்கள். பொருளையும் பேசினார்கள். ஐக்கிய நாடுகள் சபையின் மனித உரிமைப் பிரகடனத்தை ராபின்சன் சுவரில் ஒட்டி வைத்திருந்தார். வகுப்பு முடியும்போது எல்லோரும் இதைப் படிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

வகுப்பில் 65 வயது மூதாட்டி ஒருவர் இருந்தார். ஒருநாள் ராபின்சன் பலகையில் எல்லோருடைய பெயரையும் கலந்து எழுதினார். மூதாட்டி எழுந்து வந்தார். இதோ என் பெயர் என்று தொட்டுக் காட்டினார். முதல் பெயரையும் காட்டினார், குடும்பப் பெயரையும் காட்டினார். அதைப் பார்த்துத் தன் உடல் சிலிர்த்துவிட்டது என்று ராபின்சன் பல வருடம் கழித்தும் சொல்லிக்கொண்டிருந்தார்.

வாரம் இரண்டு இரவு, ஒவ்வோர் இரவும் இரண்டு மணி நேரம். வயல் வேலை குறைவாக இருந்த குளிர் காலத்தில் மட்டும் வகுப்பு. அந்த முதல் வகுப்பிலிருந்து 8 பேர் வாக்காளர் பட்டியலில் சேர்ந்தார்கள்.

செய்தி பக்கத்துத் தீவுகளுக்குப் போயிற்று. வாட்மலா தீவுக்காரர்கள் கேட்டார்கள். எடிஸ்டோ தீவுக்காரர்கள் கேட்டார்கள். இவற்றுக்குக் குடியுரிமைப் பள்ளி என்று பெயர் வந்தது. ஓட்டு கூடியதும் அதிகாரிகளும் வேட்பாளர்களும் அந்த மக்களை மதிக்கத் தொடங்கினார்கள்.

விலை கொடுத்தவர்கள்

ஹைலேண்டர் பள்ளி சிலருக்குக் கண்ணை உறுத்தியது. 1959 ஜூலை 31ஆம் தேதி இரவு போலீஸ் உள்ளே புகுந்தது. சாராயம் இருக்கிறதா என்று தேடினார்கள். செப்டிமா கிளார்க்கைக் கைது செய்தார்கள். மதுவைத் தொடாத பெண்மணிமேல் மதுக் குற்றம்! 1961இல் டென்னசி அரசு ஹைலேண்டரின் உரிமத்தைப் பறித்து இழுத்து மூடியது.

ஆனால் குடியுரிமைப் பள்ளிகள் மூடவில்லை. மார்ட்டின் லூதர் கிங் தலைமையில் இருந்த அமைப்பு அவற்றை ஏற்றுக்கொண்டது. கிளார்க்கும் அங்கே போனார். ஜார்ஜியா மாநிலத்தில் டார்செஸ்டர் என்ற இடத்தில் ஆசிரியர் பயிற்சி நடந்தது. தென் மாநிலங்கள் எங்கும் இருந்து ஆட்கள் வந்தார்கள். பட்டம் பெற்றவர்களைத் தேடவில்லை. நன்றாக வாய்விட்டுப் படிக்க வேண்டும். பலகையில் புரியும்படி எழுத வேண்டும். ஊர் மக்கள் நம்ப வேண்டும். அவ்வளவுதான் தகுதி. விவசாயி வந்தார், வீட்டு வேலை செய்பவர் வந்தார். ஐந்து நாள் பயிற்சி. ஊருக்குத் திரும்பிச் சமையலறையிலும், தலை அலங்காரக் கடையிலும், மரத்தடியிலும் வகுப்பு நடத்தினார்கள்.

மிசிசிப்பி மாநிலத்தில் ஃபேனி லூ ஹேமர் என்ற பெண்மணி இருந்தார். ஒரு முதலாளியின் பருத்திக் காட்டில் 18 வருடம் உழைத்தவர். 1962 ஆகஸ்டில் பெயர் சேர்க்கப் போனார். அரசியல் சட்டத்தில் யாருக்கும் புரியாத ஒரு பகுதியைக் காட்டி விளக்கச் சொன்னார்கள். தேறவில்லை என்று அனுப்பினார்கள். வீடு திரும்புவதற்குள் முதலாளிக்குச் செய்தி போய்விட்டது. விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கு, இல்லையென்றால் வெளியேறு என்றார் அவர். ஹேமர் அன்று இரவே வெளியேறினார். அடுத்த ஜனவரியில் மறுபடியும் பரீட்சைக்குப் போய்த் தேறினார்.

1963 ஜூனில் குடியுரிமைப் பள்ளிப் பயிற்சியை முடித்து, ஹேமரும் மற்றவர்களும் பேருந்தில் ஊர் திரும்பினார்கள். வழியில் வினோனா என்ற ஊரில் போலீஸ் அவர்களைப் பிடித்துச் சிறையில் அடைத்தது. ஹேமரைப் படுக்க வைத்துத் தடியால் அடித்தார்கள். அவருடைய சிறுநீரகம் கெட்டது. ஒரு கண்ணின் பார்வையும் பாதித்தது. உயிரோடு இருந்த வரை அந்த வலி அவரை விடவில்லை. அவரும் மற்றவர்களைப் பெயர் சேர்க்க அழைத்துப் போவதை விடவில்லை.

1957க்கும் 1970க்கும் இடையில் 800க்கும் மேற்பட்ட குடியுரிமைப் பள்ளிகள் நடந்தன. ஊர்வலங்களைப் பற்றியும் கிங்கின் பேச்சுகளைப் பற்றியும் எல்லோரும் எழுதுகிறார்கள். அந்த ஊர்வலங்களில் நடந்தவர்களில் பலர் இப்படி ஓர் அறையில் பென்சிலை ஒடித்தவர்கள் என்பதை அவ்வளவாக யாரும் எழுதுவதில்லை.

1965 மார்ச்சில் அலபாமாவின் செல்மா நகரத்தில், ஓட்டுரிமை கேட்டு ஊர்வலம் போனவர்களைப் போலீசார் பாலத்தில் வைத்து அடித்தார்கள். நாடு முழுவதும் மக்கள் அதைத் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். அந்த ஆகஸ்டு 6ஆம் தேதி ஓட்டுரிமைச் சட்டம் வந்தது. தென் கரோலினாவிலும் மற்றத் தென் மாநிலங்கள் பலவற்றிலும் எழுத்தறிவுப் பரீட்சை நின்றது. 1975இல் நாடு முழுவதும் நிரந்தரமாக ஒழிந்தது.

பரீட்சை போன பிறகும் வகுப்புகள் உடனே நின்றுவிடவில்லை. கடிதம் எழுத வேண்டியவர்கள் இன்னும் இருந்தார்கள். பைபிள் படிக்க வேண்டியவர்களும் இருந்தார்கள்.

ஏசா ஜென்கின்ஸ் 1972இல் காலமானார். செப்டிமா கிளார்க்கை வேலையிலிருந்து நீக்கினார்கள் அல்லவா? அதே சார்ல்ஸ்டன் பள்ளிகளை நிர்வகிக்கும் குழுவுக்கு 1975இல் தேர்தல் நடந்தது. கிளார்க் அதில் நின்று வென்றார். அப்போது அவருக்கு வயது 77. மறு வருடம் அரசு அவருடைய ஓய்வூதியத்தைத் திருப்பிக் கொடுத்தது.